விஜேந்திரன் வீட்டு சப் வூபர்

இனிமேல் தன் வீட்டில் சப்பென்ற பாட்டுக்கு இடமில்லை என்று விஜேந்திரன் முடிவெடுத்துவிட்டான்.

காரணம் மனைவியின் அண்ணன், மச்சான் கிருஷ்ணராஜ். போன முறை வெலிமடையிலிருந்து வந்தவன், விஜேந்திரனின் ஸ்டீரியோ செட்டைக் கேட்டுவிட்டு, "என்ன மச்சான், கொசு பாடுது?" என்று சிரித்துவிட்டுப் போனான். வருகிற ஞாயிறு மறுபடியும் வருகிறான். பூனாகலைத் தேயிலைத் தோட்டமே அதிர வேண்டும். அதிர்ச்சியில் மச்சான் வாயடைத்துப் போக வேண்டும்.

"செட்டுக்கு சப் இல்ல. அதான் பாட்டு சப்புனு இருக்கு," என்று மனைவி துஷாந்தினிக்கு விளக்கினான். "பேஸ் வேணும்."

"பேசத்தான் நான் இருக்கேனே."

"இது வேற பேஸ், புள்ள. நெஞ்சுல இடிக்கும்."

"அதுக்கும் நான் இருக்கேன்."

மறுநாளே பதுளைக்குப் போய், ஸனூஸ் நானா கடையில் சப் வூபர் பெட்டி ஒன்று வாங்கி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். செட்டோடு இணைத்தான். பாட்டைப் போட்டான். பெட்டி "தும்" என்றது. கூரைத் தகரம் "கடகட" என்றது.

"என்னங்க, பாட்டுக்கு நடுவுல யாரு தகரம் தட்டுறா?"

"நம்ம கூரைதான்."

"போன மழையில இருந்து ஒழுகுது, ஆணி அடிங்கன்னு கத்துறேன். என் சத்தம் கேக்கல. இது கேக்குதா?"

விஜேந்திரன் கூரையேறி ஆணி அடித்தான். இறங்கி வந்து பாட்டைப் போட்டான். தகரம் கப்சிப். பெட்டி அழகாக உறுமியது. நிம்மதியாகப் படுத்தான்.

அடுத்த நாள் பெக்டரி வேலை முடிந்து வந்து பாட்டைப் போட்டால், இடி இரண்டு மடங்கு! ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. அதைச் சரிசெய்தான். அதற்கடுத்த நாள் இடி இன்னும் கூடியது. அலுமாரிக் கதவு தாளம் போட்டது. அதையும் முடுக்கினான். குசினியில் தட்டு அடுக்கும் ராக்கையைச் சுவரோடு இறுக்கினான். செட்டின் வால்யூமை அவன் கூட்டவே இல்லை. பெட்டி எப்படித் தானாக வளர்கிறது? வளர்ந்தால் பரவாயில்லை, இவன் ஒன்றைச் சரிசெய்ததும் ஏன் அடங்குகிறது? தலை சுற்றியது.

"நானா, இந்தச் சாமான் தோட்டத்துத் தண்ணி குடிச்சிக் கொழுக்குது போல," என்று போனில் சொன்னான்.

"கரண்டா இருக்கும் தம்பி," என்றார் ஸனூஸ் நானா.

துஷாந்தினியைக் கேட்டான். "பனியா இருக்குமோ?" என்றாள் கவலையோடு. அன்றிரவே பெட்டிக்கு ஒரு கம்பளி போர்த்திவிட்டான்.

ஞாயிறு விடிந்தது. வீட்டில் ஆடுகிற பொருள் ஒன்றுகூட இல்லை. மச்சான் பஸ் ஏறிவிட்டதாகத் தகவல். விஜேந்திரன் கம்பளியை விலக்கிப் பாட்டைப் போட்டான். பெட்டி மூச்சே விடவில்லை! தட்டினான். தடவினான். காதை வைத்துக் கேட்டான். கும்பிட்டும் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

அவன் அழாத குறையாகக் கூப்பிட்டதில் ஸனூஸ் நானா மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பெட்டியைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு சின்னத் திருகு.

"தம்பி, இதுதான் சத்தம் கூட்டுற திருகு. யாரோ முழுசாக் குறைச்சி வச்சிருக்காங்களே!"

"பின்னாலயும் ஒரு திருகு இருக்கா?" விஜேந்திரன் விழித்தான்.

"தூசி தட்டுறப்ப முதல் நாளே பாத்தேன்," என்றாள் துஷாந்தினி, தேத்தண்ணியை நீட்டியபடி. "வீட்டுல ஏதாவது ரிப்பேர் வேலை இருந்தா கூட்டுவேன். நீங்க முடிச்சதும் குறைப்பேன். நேத்தோட வீட்டு வேலை எல்லாம் முடிஞ்சிச்சின்னு மூடிட்டேன்."

விஜேந்திரன் கம்பளியை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு திருகில் கை வைத்தார்.

"நல்லாக் கூட்டி வைங்க நானா," என்றாள் அவள். "கக்கூஸ் கதவு ஆடுதான்னு அண்ணன் வர்றதுக்குள்ள பாத்துருவோம்."