பெண் பார்த்த அன்று ஊதிய சைரன்

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை, வாயில் வைத்த கேசரியை விழுங்கக்கூட விடாமல் தெருவுக்கு ஓடவிட்டவன் நான்தான். ஐந்து வருடமாக மழுப்பிப் பார்த்துவிட்டேன். இனி எழுதியே ஒப்புக்கொண்டுவிடலாம்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது (அறிவு வந்து சேர வேண்டிய வயதுதான், வழியில் எங்கோ நின்றுவிட்டது). சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் (ஆலையைத்தான் இங்கே ஆபீஸ் என்போம்), லோடு அனுப்பும் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை. பொழுதுபோக்கு, தினசரி காலண்டர் தாளை வடிவமைக்கும் ஒரு மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஆறு பேர் அதைப் பராமரித்தோம். யாராவது ஒரு வரியைத் திருத்தினால் போதும், எங்கோ இருக்கும் ஒரு சர்வர் தானாகவே மொத்த மென்பொருளையும் மறுபடி உருவாக்கிச் சோதிக்கும். ராகு காலம் இடம் மாறிவிட்டதா, பிப்ரவரியில் முப்பதாம் தேதி முளைத்துவிட்டதா என்று பார்த்து, தப்பு இருந்தால் போனுக்குத் தகவல் அனுப்பும்.

ஆனால் நான், தினமும் போனை ஆபீஸ் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பழகியவன். வீட்டிலும் அது எங்கே கிடக்கிறதென்று தெரியாது. அதனால் பழைய இரும்புக் கடையில் ஒரு சைரன் வாங்கி, மொட்டை மாடிச் சுவரில் மாட்டி, இன்டர்நெட்டோடு இணைத்தேன். ஒரு சோதனை தோற்றால் பத்து விநாடி ஊதும். கரண்ட் போனாலும் ஊத வேண்டும் என்று தனி பேட்டரி வேறு.

"ஏங்க, நம்ம ஊர்ல போயி வீட்டுக்குச் சைரனா?" என்றாள் என் மனைவி ராஜேஸ்வரி.

"பத்து செகண்டுதான் ராஜி."

அந்த வாரமே, பழைய சர்வரை மூடப்போகிறார்கள், சோதனைகளைப் புது சர்வருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று செய்தி வந்தது. "நானே மாற்றுகிறேன்" என்று கை தூக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு விருதுநகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு நான் லேப்டாப்போடு மாடியில்.

"இன்னைக்குமாங்க?"

"ஒரே ஒரு பட்டன்தான். தட்டிட்டு வந்துர்றேன்."

தட்டிவிட்டு, நல்ல பிள்ளையாகக் கீழே வந்து வேட்டி மாற்றிக்கொண்டேன்.

பழைய சர்வர், ரேஷன் கடை வரிசை மாதிரி. சோதனைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒன்று தோற்றால் அதோடு நின்றுவிடும். புதியது, ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயில் கூட்டம் மாதிரி. மென்பொருளை உருவாக்கி முடிக்க முக்கால் மணி நேரம், பிறகு முப்பத்தாறு சோதனைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போயின. அங்கே தமிழ் எழுத்துருவை ஏற்ற நான் மறந்திருந்தேன். காலண்டர் முழுக்க வெறும் கட்டங்கள். முப்பத்தாறும் தோற்றன, அதாவது முப்பத்தாறு ஊதல்.

சரியாக மாப்பிள்ளையின் அம்மா மாரியம்மாள், "பொண்ணை வரச் சொல்லுங்க" என்று சொன்னபோது சைரன் ஊதியது.

எங்கள் பக்கம் சைரன் ஊதினால் வெடிவிபத்து என்று அர்த்தம், யாரும் என்ன ஏதென்று கேட்காமல் ஓடுவார்கள். மாரியம்மாள் இருபது வருடம் பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தவர். "எந்திரிங்க! எல்லாரும் வெளிய!" என்று ஒரே சத்தம். "அதில்லம்மா, அது வந்து..." என்று நான் ஆரம்பித்ததை இரண்டாவது ஊதல் விழுங்கியது. "நின்னு பேசிக்கிட்டு இருக்கீகளே அண்ணே!" என்று என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டார். பக்கத்து வீடுகளும் காலி. எதிர்வீட்டுக்காரர் முகத்தில் பாதி ஷேவிங்கோடு நின்றார்.

மாரியம்மாள் தலைகளை எண்ணினார். "நாம வந்த ஏழு பேரும் இருக்கோம். ஏலே கார்த்தி, பொண்ணு எங்கலே?"

மாப்பிள்ளை கார்த்தி யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குள் திரும்ப ஓடினார். ராஜேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையில் முப்பத்தேழாவது சைரன் ஊதியது.

இரண்டு ஊதல்களுக்கு நடுவே கிடைத்த அமைதியில், மொட்டை மாடிப் பேச்சு தெருவுக்கே கேட்டது.

"ஏங்க, கீழ வாங்க! தீப்பிடிச்சிருக்கு!" என்றது கார்த்தியின் குரல்.

பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூல்மேல் நின்ற என் மகள் பூரணி சொன்னாள்: "தீயெல்லாம் இல்லங்க. எங்கப்பா."

தெருவே என் பக்கம் திரும்பியது.

"சரி, ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்றது மாப்பிள்ளையின் குரல். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். அரை நிமிடத்தில் சைரன் வாயை மூடியது.

மாரியம்மாள் என் பக்கம் திரும்பினார். "இந்தச் சத்தம் கேட்டா எம்புட்டுப் பேரு தன் வீட்டாளுக்கு என்னாச்சோன்னு ஓடுவாகன்னு தெரியாதா அண்ணே? நீங்களும் அங்கனதானே வேலை பாக்கீக?"

அதைவிடச் சரியான கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன்.

மாடியிலிருந்து இறங்கி வந்த பூரணியிடம் அவர் கேட்டார்: "நீ ஏன் தாயி எங்களோட வெளிய வரல?"

"எல்லாரும் பதறிப் போயிருப்பீகள்ல அத்தே. மொதல்ல சத்தத்த நிறுத்துவோம்னு போனேன்."

மாரியம்மாள் மகனைப் பார்த்தார். அவர் பூரணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் கையிலும் ஒட்டடை.

"ராஜி மதினி," என்றார் மாரியம்மாள், "இந்த வீட்டுல ஒரு ஆளுக்கு நல்லா புத்தி இருக்கு. அந்தாளை எங்க வீட்டுக்குக் குடுத்துருங்க. மிச்சத்த நீங்களே வச்சுக்கோங்க."

மிச்சம் என்றது என்னைத்தான்.

இப்போது பேத்திக்கு மூன்று வயது. நான் லேப்டாப்பைத் திறந்தால் போதும், விளையாட்டை விட்டுவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றுவிடுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று வீட்டில் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் சத்தியம் செய்யும்போது வேறு பக்கம் பார்க்கிறார்.