நான் பர்மனெண்ட் ஆன கதை

தொண்ணூறுகளில் பெங்களூர் ஃபாக்டரித் தொழிலாளி யாராக இருந்தாலும் 'பர்மனெண்ட்' என்ற வார்த்தையைக் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்வான். எனக்குக் காது மட்டும்தான் வேலை செய்தது, மூளை செய்யவில்லை. அதனால் பாவம், ஒரு டாக்டர் நொண்ட வேண்டியதாயிற்று.

கோலார் தங்கவயலிலிருந்து வந்து பீன்யாவில் ஒரு பிரஸ் ஷாப்பில் டெம்பரரியாக இருந்தேன். இரும்புத் தகட்டை மெஷினுக்கு அடியில் வைத்தால், மேலிருந்து ஒரு பாளம் இறங்கி அழுத்தும். அதுதான் வேலை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்டெல்லா என்ற பெண்ணை விரும்பினேன். அவளுடைய அப்பா அருள்தாஸ் அங்கிள் என்னை உட்காரவைத்து, கேக் கொடுத்து, விஷயத்தைச் சுருக்கமாக முடித்தார்.

"நல்ல பையன்தாம்பா நீ. மொதல்ல பர்மனெண்ட் ஆகிட்டு வா. அப்புறம் சர்ச்ல கல்யாண ஓலை வாசிச்சு ஊரறியச் சொல்லலாம்."

நான் பர்மனெண்ட் ஆவதற்குள் மெஷின் முந்திக்கொண்டது. என் இடது கை நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கின. வெட்கமில்லாமல் கத்தி அழுதேன். (பாதி அழுகை வலிக்கு, மீதி ஸ்டெல்லாவுக்கு. கை போனவனை யார் பர்மனெண்ட் ஆக்குவார்கள்?)

தொழிலாளர்களுக்கான ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஈஎஸ்ஐ ஆபீசில் பணமும் கொடுத்தார்கள். வேலையில் அடிபட்டால் டெம்பரரி ஆளுக்கும் அது உண்டு என்று எனக்குத் தெரியாது. ஏதோ இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து, போகும்போதெல்லாம் கவுண்டரைப் பார்த்துக் கும்பிட்டேன். காயம் ஆறியது, இரண்டு விரல்களும் விறைத்தபடியே நின்றுவிட்டன.

ஒருநாள் கவுண்டரில் இருந்த கன்னடக்காரர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"சுவாமி, உங்க டெம்பரரி முடிஞ்சுது. இனி பர்மனெண்ட்தான். மெடிக்கல் போர்டுக்கு ஹோகி, போங்க. அவங்க பார்த்து எழுதினா லைஃப் பூரா மாசாமாசம் வரும்."

அவர் சொன்னது என் ஊனத்தைப் பற்றி. தற்காலிக ஊனத்துக்கான பணம் நின்றது, இனி நிரந்தர ஊனம் எவ்வளவு என்று டாக்டர்கள் கூடி முடிவு செய்வார்கள் என்று அர்த்தம். நான் புரிந்துகொண்டதோ, கம்பெனி என்னைப் பர்மனெண்ட் ஆக்கப்போகிறது, உடம்பு ஃபிட்டா என்று சோதிக்கிறார்கள் என்று! (தங்கவயலில் சுரங்க வேலைக்கு அப்படித்தான் நெஞ்சை அளந்து எடுப்பார்களாம். அப்பா சொல்லிச் சொல்லி என் மண்டையில் ஏறியிருந்தது.)

நேராக ரிச்சர்ட்ஸ் டவுன். வழியில் மைசூர் பாகு. அங்கிள் வாயில் நானே ஊட்டினேன். அவர் அன்றைக்கே பாதிரியாரிடம் பேசிவிட்டார். ஸ்டெல்லா கதவோரம் நின்று சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு, இந்தப் பரீட்சையில் தோற்பதில்லை என்று முடிவு செய்தேன். தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை மடக்கப் பழகினேன்.

போர்டு நாளில் இஸ்திரி போட்ட சட்டையுடன் போய் நின்றேன். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் முனகிக்கொண்டே உள்ளே போனார்கள். இவர்களெல்லாம் எங்கே பர்மனெண்ட் ஆவது என்று பரிதாபப்பட்டேன்.

"வலி இருக்கா?" என்றார் பெரிய டாக்டர். நல்லவேளை, தமிழர்.

"சுத்தமா இல்ல சார்!"

"விரல மடக்க முடியுதா?"

"எவ்ளோ வேணாலும் சார்!" கண்ணில் நீர் முட்ட, மடக்கிக் காட்டினேன்.

"கனமா எதையாவது தூக்க..."

அவர் முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த இரும்பு நாற்காலியை இடது கையால் தூக்கிவிட்டேன். "டபுள் ஷிஃப்ட் கூட பாப்பேன் சார்!" என்று அதை இன்னும் உயர்த்தும்போது இரண்டு விரல்களும் கைவிட்டன. நாற்காலி டாக்டரின் காலில் இறங்கியது.

அவர் போட்ட 'அம்மா' வராந்தா வரை கேட்டிருக்கும். ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்பா, எதுக்கு வந்திருக்கேன்னாவது தெரியுமா ஒனக்கு?"

"பர்மனெண்ட் ஆக சார்."

அவருக்குப் புரிய சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் வலியோடு சிரித்தார். இது இரக்கமும் இல்லை, வேலையும் இல்லை, அடிபட்டவனுக்குச் சட்டப்படி சேர வேண்டியது என்று விளக்கினார். "கையில பிடிமானம் இல்லன்னு இதுக்கு மேல யாரும் நிரூபிக்க முடியாது" என்று சொல்லி எழுதிவிட்டு, பக்கத்து டாக்டரிடம் திரும்பினார். "டியூட்டில அடிபட்டிருக்கேன். எனக்கு எந்த போர்டு?"

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அங்கிள் முன்னால் நின்றேன். "அங்கிள், நான் பர்மனெண்ட் ஆகல. விரலுங்கதான் ஆயிருக்கு."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என் இடது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆயுசுக்கும் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க அங்கிள்."

"அதுக்கு மேல என்னப்பா பர்மனெண்ட்? மைசூர் பாகு வேற தின்னாச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள்.

அந்தக் கம்பெனியைப் பிற்பாடு மூடிவிட்டார்கள். பர்மனெண்ட் ஆட்களும் டெம்பரரி ஆட்களும் ஒரே கேட் வழியாகத்தான் வெளியே வந்தோம். என் விரல்களுக்கான பணம் மட்டும் இன்னும் மாதாமாதம் வருகிறது. கவுண்டரில் நான் இப்போது யாரையும் கும்பிடுவதில்லை.

வீட்டில் நான் இடது கையால் ஒரு சொம்பைத் தூக்கினால் போதும், சமையலறையிலிருந்து ஸ்டெல்லா குரல் கொடுப்பாள்.

"பசங்களா, கால எடுத்துக்குங்க! அப்பா பர்மனெண்ட் ஆகப்போறாரு!"