ஏணி சார் வாயை மூடிக்கொண்ட நாள்

கடவுள் செய்த தவறுகளைவிட ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் செய்த தவறுகளே உலகத்தில் அதிகம் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் ஏணி சார்தான். ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அவர் பயோ இன்பர்மேடிக்ஸ் சொல்லிக்கொடுத்தார். உயிருக்குள் இருக்கும் சங்கதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, படமாக்கி, சுற்றிச் சுற்றிப் பார்க்கிற படிப்பு. எனக்கு விளங்கியது அவ்வளவுதான். நான் எட்டாவது ஃபெயில்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. எங்கள் முதலாளி வெங்கடேசப்பா முதலில் அங்கே டைப்ரைட்டிங் நடத்தினார். அது படுத்தது. கம்ப்யூட்டர் கோர்ஸ் வைத்தார். தெருவுக்கு நாலு பேர் அதையே வைத்தார்கள். பெங்களூரில் பயோ இன்பர்மேடிக்ஸ் படித்தால் உடனே வேலை என்று யாரோ சொல்ல, ஒரே வாரத்தில் போர்டை மாற்றிவிட்டார். பயோ என்றால் என்ன என்று அவருக்கும் தெரியாது. அதற்காக அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

நான் அங்கே வந்து சேர்ந்தது பர்கூர் கிரானைட் குவாரியில் கை நசுங்கியதால். ஒரு நகம் போயிற்று, கூடவே வேலையும் போயிற்று. அதற்கு முன் லாரி கிளீனர். ரோஜாத் தோட்டத்தில் முள் சீவியிருக்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ராகிக் காட்டில் யானை விரட்டத் தகரம் தட்டும் வேலையும் பார்த்தேன். யானை வந்தது, நான் போய்விட்டேன். வெங்கடேசப்பாவிடம் என் பதவி மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ். ஒரு பசை வாளியும் ஒரு கட்டு போஸ்டரும் கொடுத்தார். படுக்கை வகுப்பறை பெஞ்சில்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் நான் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஏணி சாரை முதலில் பார்த்தேன். முப்பது முப்பத்திரண்டு வயது. தருமபுரிப் பக்கத்துக்காரர். கையில் டிபன் பாக்ஸ், முகத்தில் அப்படி ஒரு வேதனை.

"யாருய்யா இத அச்சடிச்சது?"

"ஏன் சார், எழுத்து ஏதாச்சும் தப்பா?"

"எழுத்து எப்படியோ போவுது. இந்த ஏணி பீச்சாங்கைப் பக்கம் சுத்துது பாரு."

போஸ்டரில் முறுக்கிய நூலேணி மாதிரி ஒரு படம் இருந்தது. அதுதான் டி.என்.ஏ.வாம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து என் மூக்குக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தார்.

"மரை எந்தப் பக்கமா ஏறுது, பாத்துச் சொல்லு."

"சோத்தாங்கைப் பக்கம்."

"உன் உடம்புல, என் உடம்புல, அதோ நிக்குதே அந்த எருமை, அது உடம்புல, எல்லாத்துலயும் அந்தப் பக்கம்தான். உங்க முதலாளிக்கு மட்டும் மாத்திச் சுத்துதா?"

"வேணும்னா தலைகீழா ஒட்டிடறன் சார்."

அவர் போல்ட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். மரை அதே பக்கம்தான் ஏறியது. லாரியில் எத்தனையோ போல்ட்டை முடுக்கியவன் நான், இதை ஒருநாளும் யோசித்ததில்லை. கண்ணாடியில் பார்த்தால் ஒழிய அது மாறாது என்றார்.

நேராக மாடியேறி வெங்கடேசப்பாவிடம் சண்டைக்குப் போனார். வெங்கடேசப்பா போர்டு மாற்றி ஒரு மாதமாக வாத்தியார் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். சண்டை போட வந்தவர் இறங்கிப் போகும்போது வாத்தியாராகிவிட்டார்.

பிறகுதான் தெரிந்தது, அவர் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவருடைய பேராசிரியர் எழுதிய புத்தகத்தின் அட்டையில் சுருள் மாறிச் சுற்றியதை வெளியீட்டு விழா மேடையில் ஏறி மைக்கில் சொல்லிவிட்டாராம். "மெதுவாத்தான்யா சொன்னன்" என்பார் எங்களிடம். மைக்கில் மெதுவாகச் சொல்வது எப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை.

ஏணி சார் என்ற பெயர் வந்தது டயர் கடை ஏணியால். ஊரில் எந்த லேப், எந்த ஸ்கேன் சென்டர், எந்தப் பல் ஆஸ்பத்திரி போர்டில் டி.என்.ஏ. படம் தப்பாக இருந்தாலும் ஏணியோடும் பெயிண்டோடும் போய்விடுவார். ஏணி தூக்குவது நான். ஒரு ஸ்கேன் சென்டர்காரர் வெளியே ஓடி வந்து, "யாரு சார் நீங்க, முனிசிபாலிட்டியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, பயாலஜி" என்றார் மேலேயிருந்து.

அந்த ஆள் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

எங்கள் போர்டே தப்புதான். "மாத்தறதா? சேர்க்கை முடியட்டும் சார்" என்று வெங்கடேசப்பா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். ஏணி சார் பழைய பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றைத் தேடிப் பிடித்து போர்டுக்கு எதிரே மாட்டினார். படியேறி வருபவன் நேரே போர்டைப் பார்த்தால் தவறு, கண்ணாடியில் பார்த்தால் சரி. டயர் கடைப் பசங்கள் மட்டும் அதில் தலை சீவினார்கள்.

வகுப்பில் முதல் நாள் எல்லோருக்கும் ஆளுக்கொரு போல்ட் தருவார். அதுதான் பாடப்புத்தகம். கம்ப்யூட்டர் நாலு, அதில் ஒன்று மேசைக்கு அழகு. கரண்ட் போனாலும் பாடம் நிற்காது. "கண்ண மூடுங்க. இப்ப மூலக்கூற மனசுல சுத்துங்க. மெதுவா" என்பார். அத்தனை பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதை ஒருநாள் வாசலில் நின்று பார்த்த ஒரு பெரியவர், யோகா கிளாஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் விசாரித்தார்.

அப்படிக் கண் மூடியதும் நிஜமாகவே தூங்கிவிடுகிற ஒரு மாணவி லலிதா. விருதுநகர்க்காரி, பி.எஸ்.சி. விலங்கியல். சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து, முகம் கழுவி, நேராக வகுப்புக்கு வருவாள். புருஷனுக்கும் இரவு ஷிப்ட்தான். இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஊரில் மாமியாரிடம் விட்டிருந்தாள். போனில் பேசினால் குழந்தை யாரோ என்று நினைத்து ஓடிவிடுகிறதாம்.

"பகல் வேலை ஒண்ணு கெடச்சாப் போதும்ணே. பகல்ல அவரு, ராத்திரில நான்னு பாத்துக்கிட்டு பாப்பாவக் கூட்டியாந்துருவேன்" என்பாள் என்னிடம். ஏணி சாரிடம் இதை நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் தூங்கினால் அவர் எழுப்பமாட்டார். மற்றவர்கள் கிளம்பிய பிறகு முழுப் பாடத்தையும் அவளுக்கு மறுபடி நடத்துவார்.

அந்த வருடம் பத்து நாள் பயிற்சிப் பட்டறை வைத்தோம். கடைசி நாள் பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு டாக்டர் வந்து மாணவர்களைப் பார்ப்பார், பிடித்தால் ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று வெங்கடேசப்பா எப்படியோ ஏற்பாடு செய்துவிட்டார். ஒருவர் என்றால் அது லலிதாதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

முந்தின நாள் கம்பெனியிலிருந்து அவர்களுடைய பேனர் வந்தது. நான்தான் பிரித்து விரித்தேன். நடுவில் பெரிதாக லோகோ, முறுக்கிய ஏணி. பீச்சாங்கைப் பக்கம்.

எல்லோரும் ஏணி சாரைப் பார்த்தோம். அவர் பேனரைப் பார்த்தார்.

"சார், தேவுடா" என்று வெங்கடேசப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு நாளு. நீங்க வாயத் திறக்காதீங்க. அந்தப் பொண்ணு முகத்தப் பாருங்க."

ஏணி சார் லலிதாவைப் பார்த்தார். "எனக்கு ஜெனரேட்டர் டூட்டி குடுத்துடுங்க. நான் மொட்டமாடியிலயே இருந்துக்கறன்" என்றார்.

மறுநாள் அப்படியே மொட்டைமாடியில் டீசல் கேன் மேல் உட்கார்ந்துவிட்டார். டீ கொடுக்க நான் மேலும் கீழுமாக ஏறி இறங்கினேன்.

"இன்னும் அது அங்கதான் மாட்டியிருக்கா?"

"ஆமாங்க சார்."

"பெருசாவா தெரியுது?"

"டீ ஆறுது சார், குடிங்க."

கீழே வந்த பெங்களூர் டாக்டர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நன்றாகத் தமிழ் பேசினார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். லலிதா போனபோது நான் டீத் தட்டோடு வாசலில் நின்றேன். கேட்டதற்கெல்லாம் அவள் பட்டுப்பட்டென்று பதில் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. கடைசியாகத் தன் கம்பெனி விளம்பரப் படத்தைத் திரையில் போட்டு, "இதுல என்ன பார்க்கறீங்கன்னு சொல்லுங்க. சும்மா, தோணறதைச் சொல்லுங்க" என்றார்.

அவள் கை பைக்குள் போவதைப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"சார், இது இடது பக்கம் சுத்துது."

வெங்கடேசப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படிச் சுத்தறதும் ஒரு வகை உண்டே?" என்றார் டாக்டர். சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

"இருக்கு சார், இசட் வகை. ஆனா அது ஒல்லியா, கோணலும்மாணலுமா போகும். இது வழுவழுன்னு இருக்குல்ல. சாதாரண சுருளத்தான் கம்ப்யூட்டர்ல எடம் வலமாத் திருப்பிட்டாங்க போல."

டாக்டர் டீயை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "தெரியப்படுத்தறோம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். ஏணி சார் பதறி எழுந்தார். "நான் ஒண்ணும் பேசலியே?"

"நீங்க பேசல சார். லலிதா பேசிடுச்சு."

நடந்ததைச் சொன்னேன். இசட் வகை என்ற இடத்தில் அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "கோணலும்மாணலுமான்னா சொல்லுச்சு?" என்று இரண்டாம் முறை கேட்டுக்கொண்டார். அடுத்த நொடி விளக்கு அணைந்தது. "அப்ப பாப்பா?" என்று மறுபடி டீசல் கேன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

லலிதா அழவில்லை. "கேட்டாரு, பாத்ததச் சொன்னேன். பொய்யா சொல்ல முடியும்? நைட் ஷிப்ட் எங்கயும் ஓடிறாதுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தாள். வழக்கத்தைவிட வேகமாக நடந்தாள்.

ஒரு வாரம் போயிற்று. தபால் இல்லை. ஏணி சாருக்குத் தூக்கம் போய்விட்டது. கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இருந்தன. ஒருநாள் காலை என்னிடம் வந்து, "கிளம்புய்யா, பெங்களூர் போலாம்" என்றார். "அந்த டாக்டரப் பாத்து, உங்க லோகோ சரிதான், நான்தான் புள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக்குடுத்துட்டன்னு சொல்லிடறன்."

"உங்களால முடியுமா சார்?"

"அதுக்குத்தான் உன்னக் கூப்படறன்."

பஸ்ஸில் ஒத்திகை நடந்தது. நான் டாக்டர்.

"சார், உங்க லோகோ..."

"ம், சொல்லுங்க."

"உங்க லோகோ... கலர் நல்லா இருக்கு."

"மொதல்ல இருந்து சொல்லுங்க சார்."

அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டும்போது, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சரியா... இருக்கு" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்து, "ஏனாயித்தப்பா, ஹுஷாரில்வா?" என்று கன்னடத்தில் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

கம்பெனி கேட்டில் அந்த லோகோ ஆள் உயரத்துக்கு எஃகில் நின்றது. ஏணி சார் தூரத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். கையைப் பிடித்து நான்தான் உள்ளே கூட்டிப்போனேன்.

"கண்ணு தெரியாதவரா?" என்றார் வாட்ச்மேன்.

"இல்லீங்க. கொஞ்சம் அதிகமாத் தெரியும்."

டாக்டர் வெளியே வந்தார். ஏணி சார் எழுந்து நின்று, "சார், ஓசூர்ல அன்னிக்கு ஒரு பொண்ணு, லலிதான்னு, சொன்னது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"லலிதாவுக்கா? நேத்து தபால் போட்டாச்சே. ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொல்லியிருக்கு" என்றார் டாக்டர். "நீங்க யாரு?"

"வாத்தியாருங்க" என்றேன் நான்.

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓ. கேட்ல இருக்கறதப் பார்த்தீங்களா?"

"பார்க்கலீங்க சார்" என்றார் ஏணி சார். அது பொய்யும் இல்லை.

டாக்டர் சிரித்துவிட்டார். "அன்னிக்கு எனக்குக் கோவம் வந்தது உண்மை. கார்ல போறப்ப வழியெல்லாம் ஃபைல் மேல இருக்கற எங்க லோகோவையேதான் பார்த்துட்டுப் போனேன். இதை மாத்தணும்னா எனக்கு மேல ஏழெட்டுப் பேர் ஒத்துக்கணும். எப்ப நடக்குமோ. ஆனா இனிமே எங்க படம் எது வெளிய போனாலும் அந்தம்மா பார்த்துட்டுத்தான் போகும்."

வெளியே வந்தோம். இந்த முறை கண்ணைத் திறந்தே வந்தார். லோகோ எதிரில் ஒரு நிமிடம் நின்றார். நான் பழக்க தோஷத்தில் அக்கம்பக்கம் ஏணி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சார், அப்படியே விட்டுட்டு வர்றீங்க?"

"லலிதாதான் உள்ள வருதே. அது பாத்துக்கும்" என்றார்.

கிருஷ்ணகிரி போகிற பஸ்ஸில் ஓசூருக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். பஸ் வேகம் பிடிப்பதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. குறட்டையும் வந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் இறங்கி ஏறியது. நாங்கள் எழுந்திருக்காததைப் பார்த்து கண்டக்டர் அருகில் வந்தார்.

"ஓசூருக்குத்தான எடுத்தீங்க? எறங்கல?"

"அடுத்த ஊரு சூளகிரிதான? அதுக்கு ரெண்டு குடுங்க" என்றேன். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."