முள்ளு டாக்டரம்மாவின் தாக்கம்

“...எரியுதா, கடுக்குதா, இல்ல விண்ணு விண்ணுனு தெறிக்குதா? அவசரமே இல்ல மாரி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க!”

கெளுத்தி மீனின் முள் ஏறிய கையோடு ஓடிவந்து, என் கூட்டாளி மாரி ஊரே கேட்க அலறிக்கொண்டிருந்தபோது எங்கள் முள்ளு டாக்டரம்மா கேட்ட கேள்வி இது. கேட்பதற்கு முன்பே அவன் கையை வெந்நீர் வாளிக்குள் விட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைத்தியத்தில் தாமதம் கிடையாது. ஆனால் அடுத்தவர் வலியில் துடிப்பதைப் பார்த்து, கல்யாண வீட்டில் சம்பந்தியைப் பார்த்தது போல முகம் மலர்ந்து நாற்காலி எடுத்துப் போடுகிற மனுஷி இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான். இன்னொருத்தரைக் காட்டுங்கள், என் ஜெராக்ஸ் மெஷினை உங்கள் பேருக்கு எழுதித் தருகிறேன்.

பழவேற்காடு பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். டாக்டரம்மா ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். மீன் முள்ளின் விஷம் மனுஷ உடம்புக்குள் போய் என்னென்ன அட்டகாசம் செய்கிறது என்று பார்க்க, சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடம் அவரை எங்கள் ஏரிக்கரைக்கு அனுப்பியிருந்தது. ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. உள்ளே ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஃப்ரிட்ஜ், முள் குத்தியவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கழுத்தில் நகை கிடையாது, கயிற்றில் கோத்த தெர்மாமீட்டர் தொங்கும். டீக்கடையில் கிளாஸை வாங்கினால் முதலில் அதை டீக்குள் விட்டுப் பார்ப்பார். “டாக்டரம்மா, டீக்குக் காய்ச்சல் கீதா?” என்று கேட்காத ஆள் பஜாரில் இல்லை.

அவர் வருவதற்கு முன் எங்கள் ஊரில் முள் குத்தினால் ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருத்தன் கயிற்றால் இறுக்கிக் கட்டுவான், ஒருத்தி சுண்ணாம்பு அப்புவாள், மூன்றாவது ஆள் மண்ணெண்ணெயோடு வந்து நிற்பான். குத்தியது மீனா, வைத்தியமா என்று தெரியாத அளவுக்கு வீங்கிப்போகும். டாக்டரம்மா குப்பம் குப்பமாகப் போய்த் தொண்டை கிழியக் கத்தினார். “மீன் விஷம் சூடு தாங்காது! தாங்குற சூட்டுல வெந்நீர், அவ்வளவுதான். முதல்ல நம்ம கையை விட்டுப் பாக்கணும். அப்புறம் ஆஸ்பத்திரி!” கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் மைக்கைப் பிடுங்கி இதைச் சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார்.

அவருடைய இன்னொரு கிறுக்கு, வலிக்கு வார்த்தை சேகரிப்பது. “வலிக்குது” என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “அது ஊர் பேர் போடாத லெட்டர் மாதிரி. எங்க போய்ச் சேரும்? எப்படி வலிக்குது?” என்பார். இடியாப்பம் விற்கிற பல்கீஸ் அக்கா ஒருநாள் கெளுத்தி ஆய்ந்தபோது குத்திக்கொண்டு வந்து, “எப்டினு சொல்றது? மாமியா சிரிக்கிற மாதிரி கீது” என்றார். டாக்டரம்மா துள்ளிக் குதித்தார். அந்த வாக்கியம் அப்படியே வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு கட்டுரையில் ஏறியது. மாமியார் சிரித்தால் ஏன் வலிக்க வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் விளக்கம் கேட்டார்களாம். பல்கீஸ் அக்கா சொன்னார்: “கேட்டவன் கல்யாணம் ஆகாதவன். விட்டுடு டாக்டரம்மா.”

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த வண்டிக்கு ஒரு நாள் பிரேக் விழுந்தது. கடைக்கு வந்த டாக்டரம்மா தன் கட்டுரைகளையெல்லாம் பிரிண்ட் போடச் சொன்னார். நான் வரவழைத்த டீயில் தெர்மாமீட்டரைக்கூட விடவில்லை. விஷயம் பெரியது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கமிட்டி வருது பாய். என் ஆராய்ச்சிக்குத் தாக்கம் இருக்கானு பாக்கப் போறாங்க. இல்லைன்னா அறையை மூடிடுவாங்க. நான் சென்னைக்குப் போய் வேற யாருக்கோ எலி வளர்க்கணும்.”

பக்கத்தில் நின்ற மாரி குறுக்கே புகுந்தான். “தாக்கம்னா இன்னா டாக்டரம்மா? எதை வெச்சு அளப்பாங்க?”

“நான் எழுதினதைப் படிச்சுட்டு, எத்தனை பேர் அவங்க எழுதுறதுல என் பேரைச் சொல்றாங்கனு எண்ணுவாங்க.”

“இதுவரைக்கும் எத்தினி பேரு?”

“ஒருத்தர்.”

“யாரு அந்தப் புண்ணியவான்?”

“நான்தான். என்னோட அடுத்த கட்டுரையில.”

மாரி தலையில் கை வைத்துக்கொண்டான். “நம்ம பேரை நாமளே சொல்றதா? அது எலெக்‌ஷன்ல நிக்கிறவன் வேலையாச்சே!” என்றவன், டாக்டரம்மா படி இறங்கியதும் என் காதுக்குள் சொன்னான்: “பேர்தானே பாய் சொல்லணும்? சொல்லிட்டா போச்சு.”

இங்கே எங்கள் ஏரியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இறால் நன்றாக விழுகிற இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் வெட்டு, குத்து. அதனால் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, நாளைக்கு அவருக்கு. அதற்குப் பேர் பாடு. அண்ணன் தம்பியாக இருந்தாலும் அடுத்தவன் பாடு நாளில் அந்த இடத்தில் ஒரு சுண்டுவிரலைக்கூட நனைக்கக் கூடாது. அப்படி நனைத்தவனோடு ஊரில் யாரும் பேச மாட்டார்கள்.

டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் கரையில் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேர் சொன்னால் சந்தைக்கடை ஆகிவிடும், பேர் சொல்லவும் பாடு பிரிப்போம் என்று முடிவானது. பல்கீஸ் அக்கா எழுந்து, “ஏரியிலதான் பொம்பளைங்களுக்குப் பாடு இல்ல. வாயிலயும் இல்லியா?” என்று ஒரு பிடி பிடித்தார். சீட்டுப் போட்டதில் பஜார் அவருக்கு விழுந்தது. பாலம் மாரிக்கு. மீன் இறங்குகிற கரை லைட்ஹவுஸ் குப்பத்து வேலுவுக்கு.

கமிட்டி வந்தது. காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கம் லாரிகளுக்கு நடுவே சிக்கி, தாமதமாக, வேர்த்து விறுவிறுத்து வந்தது. மூன்று பேர். தலைவருக்கு நாங்கள் வைத்த பேர் பெரிய சார். பஜாரில் இறங்கியதுமே பல்கீஸ் அக்கா தட்டை நீட்டினார். “சாப்பிடுங்க சார். முள்ளு டாக்டரம்மா சொல்லிகீறாங்க, இடியாப்பத்துக்குத் தேங்காப்பாலு நல்லதுனு.”

பெரிய சார் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். பாலத்துக்குப் போனோம். மாரி சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தான்.

“முள்ளு டாக்டரம்மா சொன்னபடி, இது பாலம் சார்.”

“பாலம்னு தெரியுதுப்பா.”

“தெரியும் சார். ஆனா சொன்னது அவங்க.”

“தண்ணி ஏன் இந்தப் பக்கமா ஓடுது?”

“டாக்டரம்மாவைக் கேட்டுத்தான் சார் ஓடுது!”

பெரிய சாரின் சிரிப்பு நின்றது. டாக்டரம்மா பக்கம் திரும்பினார். “என்னம்மா இது? உங்க பேரைச் சொல்லச் சொல்லி ஊருக்கே ட்ரெயினிங் குடுத்திருக்கீங்களா? இதையும் நான் எழுதித்தான் ஆகணும்.”

டாக்டரம்மா முகம் வெளுத்துப்போனது. எனக்கு அப்படியே பாலத்திலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. அங்கே முழங்கால் அளவுதான் தண்ணீர், அதனால் விட்டுவிட்டேன்.

பெரிய சார் விடுவிடுவென்று மீன் இறங்கும் கரைக்கு நடந்தார். கோபத்தில் போகிறவர் கீழே பார்ப்பாரா? கூடையிலிருந்து நழுவிக் கிடந்த கெளுத்தியின் மேல் காலை வைத்தார். முள் செருப்பு ஓரமாகப் புகுந்து கட்டைவிரலில் ஏறியது. அவர் போட்ட சத்தத்தில் நாரைக்கூட்டமே எழுந்து பறந்தது.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. கயிறு என்று ஒருவர் கத்தவில்லை, சுண்ணாம்பு என்று ஒருத்தி ஓடவில்லை. டீக்கடை அடுப்பிலிருந்து வெந்நீர் வந்தது. மீன் கழுவுகிற பெண் ஒருத்தி பச்சைத் தண்ணீர் கலந்து, தன் கையை முதலில் விட்டுப் பார்த்தாள். மாரி அவர் காலைப் பிடித்து வாளிக்குள் இறக்கினான். “தாங்குதா சார்? தாங்கினா போதும், வேகக் கூடாது. அப்பால ஆஸ்பத்திரி போயி முள்ளு உள்ள கீதானு பாத்துடணும்.”

டாக்டரம்மா அவமானத்தையெல்லாம் மறந்து வாளிப் பக்கத்தில் குந்தியிருந்தார். “எப்படி சார் வலிக்குது? ஒரு வார்த்தை!”

“நான் எழுதினதை எடுத்துக்கிட்டு, என் பேரைப் போடாம விட்ட மாதிரி இருக்கும்மா!”

“அபாரம் சார்!” டாக்டரம்மாவின் கண்கள் மின்னின.

மெல்ல வலி இறங்கியது. பெரிய சார் சுற்றிலும் பார்த்தார். குரல் மாறியிருந்தது. “ஒரு ஆள் பதறல. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. இதை யார்ப்பா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?”

காலையிலிருந்து தேங்காய்ப்பாலுக்கும் பாலத்துக்கும் அந்தப் பேரைச் சொன்ன ஊர், கப்சிப்.

நான் மாரியின் இடுப்பில் கிள்ளினேன். “சொல்லேன்டா!”

“எப்டி பாய்? கரை வேலு பாடு. அவன் இஸ்திரி சட்டை மாட்டிக்கினு வர்றேன்னு வூட்டுக்குப் போய்கீறான். அவன் வாயில நான் வலை கட்ட முடியுமா?”

“அறையே போயிடும்டா!”

“அதுக்காக?” என்றான் மாரி. ஆனால் அவன் கண் வேலு போன பாதையிலேயே இருந்தது.

பெரிய சார் காத்திருந்து பார்த்துவிட்டு, எழுத எடுத்திருந்த பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் மாரிக்குக் கேட்டிருக்க வேண்டும். தூரத்தில் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி ஓடிவந்துகொண்டிருந்த வேலுவைப் பார்த்துக் கத்தினான்.

“டே வேலு! அடுத்து வர்ற என் இறால் பாடு உனக்கு! இந்தக் கரையை இப்ப எனக்குக் குடு!”

இறால் கொட்டுகிற காலம் அது. வேலு நின்ற இடத்திலேயே வாயைப் பிளந்தான். பிறகு, சரி என்று கையை ஆட்டினான்.

மாரி பெரிய சார் பக்கம் திரும்பினான். “எங்க நைனாவுக்கு முள்ளு ஏறினப்ப கயிறு கட்டினோம் சார். விரலே போச்சு. எனக்கு ஏறினப்ப இவங்க வந்துட்டாங்க. பாருங்க.” வலையில் காய்த்துப்போன பத்து விரல்களையும் விரித்துக் காட்டினான். “சொன்னது முள்ளு டாக்டரம்மா.”

பாடு என்றால் என்ன என்று பெரிய சாருக்கு நான்தான் விளக்கினேன். காலை வாளியில் வைத்துக்கொண்டே முழுதும் கேட்டார். பேனாவை மறுபடி திறந்தார். அறை தப்பித்தது.

மாரியின் முறை வந்த நாளில் அவன் இடத்தில் வேலு வலை கட்டினான். இறாலான இறால். மாரி கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுப் பொத்திக்கொண்டிருந்தான். டாக்டரம்மா அன்றைக்கு அறையைப் பூட்டிவிட்டு வந்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் அவன் எதிரில் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலையின் மறு முனையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பொழுது சாயும்வரை முடிச்சுப் போட்டார். அத்தனை முடிச்சும் கோணல், அந்தப் பக்கம் ஒரு மீன் நிற்காது. மாரி இன்றுவரை அதை அவிழ்க்கவில்லை.