பூட்ஸ் கழற்றும் பலகையும் கழலாத மாமனாரும்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

வாசற்படியில் உட்கார்ந்தபடி மாமனார் எழுதுவது. இங்கே என் கால்கள் இரண்டையும் தவிர எல்லோரும் நலம். அங்கே என் மகளும் உங்கள் புதுத் தச்சுப்பட்டறையும் நலமாக இருக்க வேண்டும்.

எனக்குக் குனிய வராது. என் பழைய பூட்ஸைத் தினமும் இழுத்துக் கழற்றி உங்கள் மாமியாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால்தானே, நுனியில் பிளவு வைத்த இந்தப் பூட்ஸ் கழற்றும் பலகையைச் செய்து அனுப்பினீர்கள்? இன்று கம்பெனியில் காவலாளிகள் எங்களுக்குப் புது பூட்ஸ் கொடுத்தார்கள். ஸ்டோர்காரரே ஒரு நொடியில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பலகையைப் போட்டேன். "ஒரு காலால பலகையை மிதிச்சுக்கிட்டு, இன்னொரு குதிகாலை அந்தப் பிளவுல வச்சு இழுங்க மாமா, தானா வந்துரும்" என்று போனில் சொன்னீர்களே, வந்தது மாப்பிள்ளை, பலகைதான் வந்தது! குதிகாலைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிட்டது. நான் பின்பக்கமாகப் போய், வீடு துடைக்க வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தேன். "துடைச்ச தரையில பூட்ஸோட இன்னொரு அடி வச்சீங்க, அப்புறம் இருக்கு!" என்று உங்கள் மாமியார் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே சாப்பாடு மணக்கிறது. மாடி வீட்டுத் தையல்காரர் உதவிக்கு வந்து பலகைமேல் ஏறி நின்றார், நான் இழுத்தேன், இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட் வரை உருண்டோம். "கத்தரி எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்கிறார் அந்தப் புண்ணியவான், பூட்ஸுக்கா காலுக்கா என்று சொல்லாமல்.

காவலாளிகள் அத்தனை பேருக்கும் இந்தப் பலகையை வாங்கச் சொல்லி மேனேஜரிடம் நான் சிபாரிசு செய்ய வேண்டும், அந்த ஆர்டர் கிடைத்தால்தான் பட்டறை நிமிரும் என்றீர்கள். மன்னிக்கவும். குதிகாலில் வால் முளைத்தவன் எந்த முகத்தோடு சிபாரிசுக்குப் போவான்? பெண்ணைக் கொடுத்ததைத் தவிர உங்களுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?

மற்றபடி நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் வாழ, எழுந்திருக்க முடியாததால் உட்கார்ந்தே ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உங்கள் மாமியார் இப்போதுதான் கதவைத் திறந்தாள். என் காலைப் பார்த்து, "இது என்னங்க?" என்றாள். பூட்ஸின் உட்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு ஜிப்! தொப்பைக்குக் கீழே நடப்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சர்ரென்று இழுத்தாள், கால் வெளியே வந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் நல்லதாக ஒரு பலகையை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்துவிடுங்கள். ஜிப் விஷயம் தெரிந்த ஸ்டோர்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன். மேனேஜருக்கும் என் அளவுக்குத் தொப்பை உண்டு, ஜிப்பைப் பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள்.