ஹார்ட் டிஸ்க்கை வைத்த ஏழாவது இடம்

ஒரு பொருளைத் தொலைப்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி, அதைப் பத்திரமாக வைப்பதுதான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. என் கணவர் முதல் சம்பளத்தில் வாங்கியது. அம்மிக்கல் எடை. பேட்டரி செத்துப் பல வருடமாகிவிட்டதால் ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். திரை நேராக நிற்க, பின்னால் மஞ்சள்பொடி டப்பாவை முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குள் இருந்த ஒரே சொத்து, என் மாமனாரின் அறுபதாம் கல்யாண வீடியோ.

அதில், ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு மாமனார் என் மாமியாருக்காக இரண்டு வரி பாடுவார். (கறிகாய் வேண்டுமா வேண்டாமா என்பதைக்கூடத் தலையாட்டித் தெரிவிக்கும் மனிதர் அவர்.) அந்த நேரம் பார்த்து "பந்தி போட்டாச்சு!" என்று யாரோ குரல் கொடுக்க, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இலைக்கு ஓடிவிட்டார்களாம். பாட்டைக் கேட்டது மாமியாரும் வீடியோக்காரரும்தான். "நானாவது, பாடறதாவது!" என்று மாமனார் பத்து வருடமாகச் சாதித்துவந்தார். வீடியோவைப் போட்டால், கோயிலுக்கு நேரமாயிடுத்து என்று எழுந்துவிடுவார்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு வரும் எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டுவது என்று மாமியார் முடிவு செய்திருந்தார். வீடியோக்காரர் கொடுத்த டிவிடி இப்போது இல்லை. என் மூன்று வயது மகள் மைதிலி அதில் தோசை வார்த்து விளையாடிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் லேப்டாப் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள டிஸ்க் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குங்க மேடம். வேணுங்கறத உடனே வெளிய காப்பி எடுத்துருங்க."

உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தேன். எங்கள் கூடம் பிரசவ வார்டு ஆனது. மிக்ஸிக்குத் தடை. மைதிலி பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டாள். திரை "இன்னும் மூன்று மணி நேரம்" என்றது. பிறகு "இரண்டு நாள்". பிறகு "நான்கு நிமிடம்".

"என்னடி இது," என்றார் மாமியார், "உன் ஆம்படையான் ஆபீஸ்லேர்ந்து 'இதோ கிளம்பிட்டேன்'ங்கறாப்ல இருக்கே!"

ஒருவழியாகக் காப்பி ஆனது. சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அந்தப் பாட்டு வரும்போது மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் லேப்டாப் கண்ணை மூடியது. எனக்குத் துளி வருத்தமில்லை. அதுதான் காப்பி இருக்கிறதே!

அதை எங்கே வைப்பது? பீரோ லாக்கர் என்றால் சாவியைத் தொலைப்பேன். அரிசி டப்பாவில் தூசி. பெருமாள் அலமாரியில் எண்ணெய். கணவரின் பையில் வைத்தால் பஸ்ஸிலேயே விட்டுவிடுவார். வைத்தபின் தூக்கம் வராது. எழுந்து வேறிடத்தில் வைப்பேன். ஒரே வாரத்தில் ஏழு இடம் மாற்றினேன். பிறந்தநாளன்று ஞாபகம் இருந்தது ஆறு.

கூடம் நிறைய சொந்தக்காரர்கள். நான் பீரோவுக்குள் பாதி உடம்போடு தேடிக்கொண்டிருந்தேன்.

"உங்க மாட்டுப்பொண் எம்.சி.ஏ. படிச்சவதானே?" என்றார் கணவரின் அத்தை.

"பேஷா படிச்சிருக்கா. அந்த சர்ட்டிபிகேட்டையும் பத்திரமாத்தான் வெச்சிருக்கா. எங்கேன்னுதான் தெரியாது!" என்றார் மாமியார். கூடமே சிரித்தது.

மாமனார் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "இல்லாத வீடியோல நான் பாடினா என்ன, ஆடினா என்ன? இன்னும் கொஞ்சம் அக்காரவடிசில் போடும்மா."

எல்லோரும் போனபின் அடுப்படியில் மாமியார் மெதுவாகச் சொன்னார். "நான் ஒண்ணும் பொய் சொல்லலைடி." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த மாதம் நவராத்திரி. பரணிலிருந்து பொம்மைப் பெட்டி இறங்கியது. பழைய வேஷ்டித் துணியில் சுற்றிய பொம்மைகளைப் பிரிக்காமலே, தடவிப் பார்த்து ஆள் சொல்வார் மாமியார். "இது செட்டியார். இது வராகர். இது... யாருடி இவ, இவ்ளோ தட்டையா இருக்கா?"

வாங்கிப் பிரித்தேன். ஹார்ட் டிஸ்க்! நாற்பது வருடமாக ஒரு மூக்குகூட உடையாத மண்பொம்மைகள்! இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று, ஒரு மத்தியானம் ஏணி போட்டு ஏறி, அதேபோல் துணி சுற்றி, அதேபோல் முடிச்சுப் போட்டு வைத்தவள் நானேதான்.

அன்று சாயங்காலமே டிவியில் போட்டேன். மாமனார் எழுந்தார். "கோயிலுக்கு நேர..."

"பெருமாள் எங்கேயும் போயிட மாட்டார். உட்காருங்கோ," என்றார் மாமியார்.

உட்கார்ந்தார். ஊஞ்சல் வந்தது. பாட்டு வந்தது. முழுதாகக் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஸ்ருதி சேரலை."

"அதைத்தான் பத்து வருஷமா நான் வெளியில சொல்லலை," என்றார் மாமியார்.

இப்போது அந்த வீடியோ நான்கு பேர் வீட்டில் இருக்கிறது. ஆனாலும் வருடாவருடம் கொலுவில் மூன்றாம் படியில், செட்டியாருக்குப் பக்கத்தில், அந்த ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும். (எடுத்தால் மாமியார் விடமாட்டார்.) சுண்டலுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், எங்களை முந்திக்கொண்டு மைதிலி பதில் சொல்வாள்:

"அது தாத்தா பொம்மை. பாட்டி சொன்னாத்தான் பாடும்."