ஆறு மாதத்திற்கு என்று விட்டுப்போன வண்டியின் ஆயுள் குறித்து

பெருமதிப்பிற்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

தங்கள் அண்ணி மிகுந்த வணக்கத்துடன் வரையும் மடல். இங்கே தங்கள் அண்ணனும் நானும் கேக் அடுப்பும் குறைவின்றி இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் இரட்டையர் இருவரும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் கடிதம் கைக்குக் கிடைத்துப் பத்தொன்பது நாட்கள் ஆகின்றன. இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். ஒரே வாரத்தில் மூன்றடுக்குக் கேக்குகள் நான்கு செய்ய நேர்ந்தது ஒரு காரணம். மற்றொரு காரணத்திற்கு எனக்கு இன்னும் சொற்கள் அமையவில்லை. இதற்கு முன் ஆறு முறை எழுதி ஆறு முறையும் கிழித்தேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

"ஆபீஸ்ல ஒருத்தர் நம்ம வண்டியை வாங்கிக்கிறேங்கிறார் அண்ணி. இன்னும் எத்தனை வருஷம் ஓடும், நம்பி வாங்கலாமா, இந்த ரெண்டை மட்டும் எழுதிக் குடுங்க. எங்க அண்ணி பொய் எழுத மாட்டாங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியை முதலில் பெருமையுடன் வாசித்தேன். பிறகு வாசித்தபோது அவ்வளவு பெருமையாக இல்லை.

முதற்கண் நன்றி. இரட்டையர் பிறந்தபோது, இரண்டே இருக்கை கொண்ட காரில் நால்வர் எப்படிப் போவது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் இங்க நிக்கட்டும் அண்ணி, சும்மா கிடக்காம நீங்க ஓட்டுங்க" என்று சாவியை என் மாவுக் கையில் வைத்துவிட்டுப் போனீர்கள். ஏழு ஆண்டுகள் ஆயின. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள் என்பது தாங்கள் அறிந்ததே. கேக் செய்வதைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த அட்டையில்லாத ஒரு நூலிலிருந்து கற்றேன். இவ்வண்டியை, அதன் கையேட்டை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்துக் கற்றேன். ஓட்டுநர் உரிமம் மூன்றாவது தேர்வில் கிட்டியது. முதல் தேர்வு நடைபெறவில்லை. தேர்வாளர் வண்டிக்குள் குனிந்து ஏறியவர் இடுப்புப் பிடித்துக்கொண்டு அப்படியே இறங்கிவிட்டார்.

அதற்கு முன் நான் கேக் கொண்டுபோன சீர் தங்களுக்கு நினைவிருக்கும். தங்கள் அண்ணனின் ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து, மடியில் பெட்டி, பெட்டிக்கு மேல் என் முகவாய் என்று போவேன். திருமண நாள் கேக் ஒன்று போய்ச் சேரும்போது இட்ட பெயர்கள் இரண்டும் ஒன்றாய்க் கலந்திருந்தன. வண்டி வந்தபின் பக்கத்து இருக்கையில் பெட்டியை வைத்துப் பெல்ட்டும் மாட்டினேன். நான் ஒரு இருக்கை, கேக் ஒரு இருக்கை. தங்கள் அண்ணன் ஸ்கூட்டரில் பின்தொடர்வார். "கட்டின புருஷனுக்கு ஹெல்மெட்டு, கேக்குக்கு ஏசியா?" என்று வழியில் நின்ற சிக்னலில் எல்லாம் கண்ணாடியைத் தட்டிக் கேட்பார். ஏழு ஆண்டுகளில் ஆயிரத்து முந்நூறு கேக்குகள் போயிருக்கும். மூன்று மட்டுமே உடைந்தன. இதைவிட நம்பகம் எதைச் சொல்ல.

ஆயினும் உண்மை எழுதுவதென்று வந்தபின் முழுதும் எழுத வேண்டும். இது பந்தய வண்டியின் வம்சம். தரையோடு தரையாய்ப் பதுங்கி நிற்பது. சாலையில் ஒரு காசு கிடந்து அதன்மேல் ஏறினால் அது பூவா தலையா என்று முதுகுக்குத் தெரிந்துவிடும். முதுகுக்குத் தெரிவது கேக்குக்கும் தெரியும் அல்லவா. ஆகவே முப்பதைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்தேன், ஏழு ஆண்டுகள் தாண்டவும் இல்லை. மூன்றாவது கியருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் விசாரித்ததே கிடையாது. ஸ்டீயரிங் அருகே 'ஸ்போர்ட்' என்றொரு பொத்தான் இருக்கிறதே, கை தவறிப் படக்கூடாதென்று அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்தேன். சைக்கிளில் போகிறவர்கள் என்னை முந்தும்போது பரிதாபமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை போக்குவரத்துக் காவலர் நிறுத்திவிட்டார். "இந்த வண்டில முப்பதா? உண்மையைச் சொல்லுங்கம்மா, யார் வண்டி இது?" என்றார். கொழுந்தனாருடையது என்றேன். "அவருக்குத் தெரியுமா?" என்றார். கேக் பெட்டியைத் திறந்து காட்டியபின்தான் விட்டார்.

இவ்வாறிருக்க, இரண்டு மாதம் முன்பு வண்டிக்கு இருமல் கண்டது. மேடு ஏறும்போது உதறியது, மஞ்சள் விளக்கு எரிந்து அணைய மறுத்தது. நம் தெருக்கோடி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் அரைநாள் திறந்து வைத்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தபடி, "அக்கா, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. வியாதி நீங்கதான்" என்றார். "ஐயா, விளங்கும்படி உரைக்க வேண்டும். குறித்த தேதியில் ஆயில் மாற்றினேன், வடிகட்டி மாற்றினேன், கையேட்டில் சொன்ன எதை நான் மாற்றவில்லை?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் மாத்தினீங்க, கியரைத் தவிர. ஓடுற பிள்ளையை ஏழு வருஷமா இடுப்புல தூக்கி வச்சிருக்கீங்க. உள்ள பூரா கரி அடைச்சுக் கிடக்கு. இந்த மாதிரி வண்டியெல்லாம் பசங்க விரட்டி விரட்டி என்கிட்ட வந்து படுக்கும். மெதுவாப் போயே படுத்த வண்டியை இப்பத்தான் பாக்கிறேன்" என்றார். கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்தபின், மருத்துவர் போலவே ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார்: வாரம் ஒருமுறை, இருபது நிமிடம், நூறில்.

அச்சீட்டை நான்கு நாள் சர்க்கரை டப்பாவின் அடியில் வைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிறு காலை, கேக் இல்லாத நாள், தங்கள் அண்ணனை மடித்து அந்த இருக்கையில் வைத்து, ஊருக்கு வெளியே போகும் பெருஞ்சாலைக்குப் போனேன். நூறு என்று பலகை இருந்தது. அது எனக்கும் சேர்த்து வைத்த பலகை என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. பிளாஸ்திரியை உரித்தேன், அழுத்தினேன். வண்டி முதலில் பின்னால் வந்த லாரியே மறையும்படி ஒரு கரும்புகையைக் கக்கியது. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நான் ஒருநாளும் கேட்டிராத குரலில் பேசத் தொடங்கியது. நான்கு, ஐந்து, ஆறு என்று எல்லா கியரும் இருந்தன, கொழுந்தனாரே. தங்கள் அண்ணன் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு "ஏய், ஏய், மெதுவா, ஏய்" என்றார். எனக்குள்ளிருந்து ஓர் ஓசை வந்தது. அது சிரிப்பு என்று அவர் பிற்பாடு சொன்னார்.

திரும்பும் இடத்தில் ஓரம் கட்டினேன். அவர் கதவுப் பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாய் எடுத்தார். பிறகு, "இருபது நிமிஷம் ஆயிடுச்சா?" என்றார். "பதினெட்டு" என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு இருக்கு. மருந்தைக் குறைக்கக் கூடாது."

அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் விடவில்லை. மஞ்சள் விளக்கும் மீண்டும் எரியவில்லை.

இனி, தாங்கள் கேட்ட இரண்டிற்கும் விடை. ஆயுள்: எழுபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, மருந்து தவறாவிட்டால் இன்னும் பத்தாண்டு தாராளமாக ஓடும் என்கிறார் மெக்கானிக். நம்பகம்: ஏழு ஆண்டுகளில் ஒரே ஒருமுறை படுத்தது, அதுவும் என் குற்றம். மழை பலமாகப் பெய்தால் கூரையில் ஒரு சொட்டு ஒழுகும். அது ஓட்டுபவர் முழங்காலில்தான் விழும், கேக்கின்மேல் ஒருநாளும் விழுந்ததில்லை. ஆகவே அவர் நம்பி வாங்கலாம். வாங்குபவர் வேகமாக ஓட்டுபவர்தானா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டை இத்துடன் இணைத்துள்ளேன். என் தொழிலுக்கு உயரமான பழைய வேன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு கேக் கொள்ளும், குனியாமல் ஏறலாம், குலுங்காது. எவ்வகையிலும் எனக்கு அதுவே பொருத்தம். என் மனத்தைப் பற்றித் தாங்கள் எள்ளளவும் எண்ண வேண்டாம். ஏழு ஆண்டுகள் தாங்கள் செய்த உதவியை என் ஆயுள் உள்ளவரை மறவேன்.

இரட்டையர் பல் தேய்த்து, படித்து, நீடூழி வாழ என் ஆசிகள். துணைவியாருக்கு என் அன்பு.

என்றும் நன்றியுடன்,
தங்கள் அண்ணி

பின்குறிப்பு: உறையில் இடுமுன் இதைத் தங்கள் அண்ணனிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இது ஏழாவதா?" என்றார். ஆம் என்றேன். "எல்லாம் உண்மையா எழுதியிருக்கே, எள்ளளவுங்கிற வரியைத் தவிர. கடைசியா அந்த வேனைப் பாக்கப் போனோமே, அதோட கதவைக்கூட நீ திறந்து பாக்கலை." தாங்கள் ஏழு ஆண்டு இலவசமாகக் கொடுத்த பொருளைத் தங்களிடமே கேட்பது பண்பன்று என்றேன். "ஆறு மாசத்துக்குன்னு விட்டவன் ஏழு வருஷமா வாய் திறக்கலை. நீயே வச்சுக்கோன்னு அவன் வேற எப்படித்தான் உன்கிட்ட சொல்லுவான்? அந்த ஆபீஸ்காரர் குடுக்கிறதை நாமளே குடுப்போம், வேனுக்கு எடுத்து வச்சதுதானே. மூணு வார்த்தைல எழுதிடலாம். அவ்வளவு சின்னதா உன்னால எழுத முடியுமாங்கிறதுதான் சந்தேகம்" என்றார்.

முயல்கிறேன்.

வண்டி எனக்கு வேண்டும்.

சீக்கிரம் பதில் போடுங்க தம்பி.